வேறு சூரியன்களைச் சுற்றும் கிரகங்கள்
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)



பரிசு வாங்கக் காத்திருக்கும் பிள்ளைகளை அதிக நேரம் உட்கார வைக்க மாட்டேன். எனக்கு ஒரு கடன் இருக்கிறது. அதைத் தீர்த்துவிட்டு இறங்கிவிடுகிறேன்.

ஐந்தாம் ஆண்டு வகுப்பில் சூரியக் குடும்பப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எட்டுக் கிரகங்களையும் வரிசையாகச் சொல்லி முடித்ததும், கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், மத்த நட்சத்திரமும் சூரியன் மாதிரிதானே? அதுக்கும் கிரகம் இருக்கா?" என்று கேட்டான். பரீட்சைக்கு இரண்டே வாரம். "பாடத்தில் இல்லாததைக் கேட்டு நேரத்தை வீணாக்காதே, உட்காரு" என்று அதட்டிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அவன் கை தூக்கவே இல்லை. இதோ, இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். தம்பி, உன் கேள்விக்குப் பதில் இது.

இருக்கிறது. ஒன்றிரண்டு அல்ல, இதுவரை 6,000-க்கு மேல் உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். நம் சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகத்தை 1995-இல் முதன்முதலாகக் கண்டுபிடித்தவர்கள் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மிஷெல் மயோர், டிடியே கெலோ என்ற இருவர். அதற்காக 2019-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். அந்தக் கிரகம் வியாழனைப் போல வாயுவால் ஆன பெரிய கிரகம். ஆனால் தன் சூரியனை நாலே நாளில் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறது. நம் பூமிக்கு 365 நாள் ஆகிற காரியம்!

எப்படிக் கண்டார்கள்? கண்ணால் பார்க்கவில்லை. நட்சத்திரத்தின் வெளிச்சத்தில் பக்கத்துக் கிரகம் தெரியாது. அவர்கள் கவனித்தது நட்சத்திரத்தின் ஆட்டத்தை. பிள்ளையின் இரு கையையும் பிடித்துத் தட்டாமாலை சுற்றும் தகப்பனும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடத்தானே செய்வார்? கிரகத்தின் இழுப்பில் நட்சத்திரமும் அப்படி ஆடுகிறது. நம் பக்கம் வரும்போது அதன் ஒளி சற்றே நீலத்தின் பக்கமும், விலகும்போது சிவப்பின் பக்கமும் நகரும். அதை அளந்தார்கள்.

இன்னொரு வழி, பால் வெட்டப் போகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியற்கால இருட்டில், தூரத்து நிரையில் ஒருவர் நெற்றி விளக்கோடு நடக்கிறார். மரம் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் மறைந்து மறைந்து வருவதை வைத்தே, 'அங்க மரம் இருக்கு' என்று சொல்லிவிடுவோம். 2009 முதல் 2018 வரை கெப்ளர் என்ற விண்கலம் செய்ததும் இதே வேலைதான். ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களைப் பார்த்தது. ஆனால் கிரகம் குறுக்கே போனால் நட்சத்திரம் மறையாது, துளி மங்கும். நம் பூமி சூரியனுக்குக் குறுக்கே போவதைத் தூரத்திலிருந்து பார்த்தால், ஏறத்தாழ 12,000-இல் ஒரு பங்கு வெளிச்சம்தான் குறையும்! அந்த மங்கல் ஒரே கால இடைவெளியில் திரும்பத் திரும்ப வரவேண்டும். ஒரு தடவை பார்த்துவிட்டு யாரும் கைதட்டுவதில்லை.

அங்கே போகலாமா? சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம் பிராக்சிமா சென்டாரி. 2016-இல் அதற்கும் ஒரு கிரகம் கண்டார்கள். 1977-இல் கிளம்பிய வாயேஜர்-1 விண்கலத்தின் வேகத்தில் போனாலும் அந்தத் தூரத்தைக் கடக்க 70,000 ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே யாரும் மூட்டை கட்ட வேண்டாம். உயிர் இருப்பதாகவும் இதுவரை எங்கும் உறுதியாகவில்லை.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்குண்டு. 2019-இல் அனைத்துலக வானியல் ஒன்றியம் மலேசியாவுக்கு ஒரு நட்சத்திரத்தையும் அதன் கிரகத்தையும் பெயர் வைக்கக் கொடுத்தது. நட்சத்திரம் இந்தான், கிரகம் பைடூரி. நாம் வைடூரியம் என்கிறோமே, அந்தச் சொல்லும் பைடூரியும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவை.

1995-இல் கண்ட கிரகத்தின் நட்சத்திரத்தை நம் திடலிலிருந்தே தேடலாம். இந்த நவம்பர் மாதத்தில் இரவு ஒன்பது மணி வாக்கில் தலைக்கு மேலே, கொஞ்சம் வடக்கே நாலு நட்சத்திரம் பெரிய சதுரமாகத் தெரியும். மேற்குப் பக்கத்து இரண்டுக்கும் நடுவில், சற்று வெளியே தள்ளி இருக்கிறது அது. ரொம்ப மங்கல். விளக்குகளை அணைத்தால்தான் நல்ல கண்ணுக்குத் தெரியும். மழை இல்லாவிட்டால், விழா முடிந்ததும் திடலில் நிற்பேன். தம்பி, நீ முதலில் வா.