மெல்ல நடப்பவர்க்கே விரியும் நிலம்

வீடியோ விளையாட்டு என்றவுடன் பெரியோர் பலரின் மனத்தில் எழுவது விரைவே. ஓடுதல், வெல்லுதல், அடுத்த கட்டத்திற்குத் தாவுதல் ஆகியனவே அதன் இயல்பு என்று அவர்கள் கருதுகின்றனர். ஆயினும், ஒரு நிலத்தைச் சுற்றித் தேடிக் காண்பதையே உயிராகக் கொண்ட விளையாட்டுகளும் உள. அவற்றில் விரைந்து ஆடுவோர் பெறுவது ஒன்று. மெல்ல ஆடுவோர் பெறுவது வேறொன்று.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ‘த லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்’ இதற்கு நல்ல சான்று. செல்டா வரிசையின் முதல் விளையாட்டு 1986இல் வெளிவந்தது. அதனைப் படைத்தோருள் முதன்மையான ஷிகெரு மியாமோட்டோ, இளமையில் தம் ஊர்ப்புறத்துக் காடுகளிலும் குகைகளிலும் அலைந்த இன்பமே அதற்கு வித்து என்று கூறியுள்ளார்.

நூறாண்டு உறங்கி எழுந்த லிங்க் என்னும் வீரன், அழிந்துபோன நாடொன்றில் கண்விழிப்பதே 2017ஆம் ஆண்டு விளையாட்டின் தொடக்கம். முதற்பகுதியைக் கடந்தபின் அவன் நேரே கோட்டைக்குச் சென்று இறுதிப் பகைவனை எதிர்கொள்ளலாம். அவ்வாறு சென்று, முழு விளையாட்டையும் அரை மணி நேரத்திற்குள் முடிக்கும் வல்லுநரும் உளர். அவர்தம் திறம் பாராட்டத்தக்கது; ஆனால் அந்நாடு அவர்கள் கண்ணில் படுவதில்லை.

சாதாரண ஆட்டக்காரர்க்கும் இவ்விழப்பு நேர்கிறது. திரையின் மூலையில் உள்ள சிறு வரைபடத்தையே கண் நாடுகிறது. முன்னர்க் கண்ட இடத்திற்கு நொடியில் தாவும் வசதியும் உண்டு. இடையே உள்ள மலையும் ஆறும் வெறும் தூரமாகின்றன.

அச்சிறு வரைபடத்தை மறைக்கும் அமைப்பும் இவ்விளையாட்டிலேயே உள்ளது. அதனை மறைத்தவுடன் மலைமுகடும் ஆற்றின் வளைவுமே வழிகாட்டிகளாகின்றன. மழை பெய்தால் பாறை வழுக்கும், ஏறுவது அரிது. விரைவோர் சலிப்படைவர். பொறுமையுடையோர் பாறையின் அடியில் தீமூட்டி மழை ஓயக் காத்திருப்பர்.

ஹடேனோ என்னும் சிற்றூருக்குச் செல்லும் வழியில் ஒரு வெளி உண்டு. பாசி படர்ந்த போர்ப்பொறிகள் பல அங்கே செயலற்றுக் கிடக்கின்றன. குதிரையில் விரைவோர்க்கு அவை வெறும் இரும்புக் குவியல். நின்று நோக்குவோர் அவற்றை ஒவ்வொன்றாகக் காண்பர்; அவற்றிற்கு அப்பால் ஒரு மதில் இன்னும் நிற்பதையும் காண்பர். பெரும்படை இம்மதிலைக் கடக்கவில்லை. அதனாலேயே அப்பாலுள்ள சிற்றூர் பிழைத்தது என்பது அப்போது தானே விளங்கும். பிறகு அவ்வூரில் விளையாடும் குழந்தைகளைக் காணும்போது, அக்காட்சிக்குப் புதுப்பொருள் பிறக்கும்.

மெல்ல ஆடினால் நேரம் மிகுதியாகச் செலவாகாதோ என்று பெற்றோர் வினவலாம். மெல்ல ஆடுதல் நெடுநேரம் ஆடுதல் அன்று. விளையாட்டின் ஒரு முழுநாள் நம் கணக்கில் 24 நிமிடங்களே. இசைந்த நேரத்திற்குள் ஒரு பாதையை மட்டும் நடந்து பார்த்து நிறுத்திக்கொள்வதும் மெல்ல ஆடுதலே. முடிக்க வேண்டும் என்னும் தவிப்பே பிள்ளைகளை எழவிடாமல் பிடித்து வைப்பது.

ஆதலின், “முடித்துவிட்டாயா?” என்று கேட்பதற்கு மாறாக, “இன்று எதைக் கண்டாய்?” என்று பிள்ளைகளை வினவுவது நன்று. முன்னைய வினாவிற்கு விடை ஒரு சொல்லில் முடியும். பின்னைய வினாவிற்கு விடை கூற, அவர்கள் அருகில் வந்து அமர்வர்.