கண்ணாடிக் குழாயும் இருபது நிமிடமும்



பாட்டும் நாடகமும் காத்திருக்கும் விழா மேடையில் பாம்பைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். பிழைப்பை நாடி இந்நெய்யாற்றின்கரை வட்டத்தில் குடியேறிய நம்மவருள், விடியுமுன் ரப்பர்ப் பால் வெட்டச் செல்வோரும், வாழைத் தோட்டத்தில் களை பறிப்போரும் உள்ளனர். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு கணித்தது. அவருள் பெரும்பாலோர் நாட்டுப்புறத்து மக்களே.

கடியுண்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். டாக்டர் சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, படுக்கையருகே வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறார். உடன் வந்தோர் நெஞ்சம் பதைக்கிறது. ‘ஊசி போடாமல் வாளா இருக்கிறாரே’ என்று வெகுண்டு, களியக்காவிளையைத் தாண்டி மார்த்தாண்டத்துக்கோ ஆசாரிப்பள்ளத்துக்கோ வண்டியைத் திருப்பத் துணிவாரும் உண்டு. அந்த அவசரத்தைத் தடுக்கவே இவ்வுரை.

கண்ணாடி விரியனை இவ்வூரார் அணலி என்பர்; மேனிப் புள்ளிகள் சேனைத் தண்டை ஒத்திருத்தலால் சேனத்தண்டன் என்றும் அழைப்பர். அழகிய பெயர்தான்! அதன் நஞ்சு, குருதியை உறையச் செய்யும் பொருள்களை வீணே தூண்டிவிட்டுத் தீர்த்துவிடுகிறது. பைப்ரினோஜன் என்னும் புரதம் செலவழிந்து போகவே, முதலைத் தொலைத்த வணிகனைப் போல உடல் கையற்று நிற்கிறது. ஈறு கசியும், சிறுநீர் சிவக்கும், சில வேளை மூளையிலும் குருதி பெருகும்.

இதனை அறியவே அக்குழாய். புதிதாக எடுத்த 2 மில்லிலிட்டர் இரத்தத்தைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரே முறை சாய்த்துப் பார்க்கிறார்கள். நீராகவே ஓடினால் விரியனின் நஞ்சு உள்ளே வேலை செய்கிறது என்று பொருள். கண்ணாடி எதற்கு? அதன் பரப்பே உறைதலைத் தொடங்கிவைக்கிறது. பிளாஸ்டிக் அதைச் செய்யாது. சோப்புத்தூள் இட்டுக் கழுவிய குழாயும் பொய் சொல்லும். மின்சாரமோ விலையுயர்ந்த பொறியோ வேண்டா என்பதே இதன் பெருமை. குருதிக் கசிவோ, இமைச் சரிவோ வெளிப்படையாய்த் தெரியுமாயின் மருத்துவர் குழாய்க்காகக் காத்திரார், உடனே மருந்தேற்றுவார்.

உறைந்துவிட்டது என்றதும் வீடு திரும்பலாமா? கூடாது. நாகமும் கட்டுவிரியனும் நரம்பையே தாக்குவன. அவை கடித்தோர் இரத்தம் செவ்வனே உறையும். விரியன் கடியிலும் நஞ்சு மெல்ல ஏறலாம். 2013-இல் வெளிவந்த இலங்கை ஆய்வொன்றில், உறைதல் கெட்டவருள் பாதிக்கு மேற்பட்டோரை இச்சோதனை தவறவிட்டதும் தெரியவந்தது. ஆதலால் முதல் மூன்று மணி நேரம் மணிக்கொரு முறையும், பின் ஒரு நாள் முழுதும் ஆறு மணிக்கொரு முறையும் திரும்பச் செய்ய வேண்டும் என்பது நம் நாட்டு நெறி. மருந்தேற்றிய பின்னும் ஆறு மணி நேரம் பொறுத்தே மறுசோதனை. கல்லீரல் அப்புரதத்தைப் புதிதாய் ஆக்க அவ்வளவு நேரம் ஆகும்.

இம்மலையாள நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. நம் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கிற்கே ஆவது. அதற்கு வேண்டிய நஞ்சை, மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருவது தமிழர்க்குப் பெருமையே. ஆயினும் மேற்குமலைச் சாரல் தோட்டங்களில் சருகடியில் சுருண்டு கிடக்கும் கூன்மூக்குக் குழிவிரியன் அப்பட்டியலில் இல்லை. அதன் கடியும் உயிர்க்கு ஊறு செய்வது என்பதைக் கேரள மருத்துவர்கள் 2007-இல் சான்றுடன் நிறுவினர். அது கடித்தால் மருந்து ஏற்றியும் குழாயில் இரத்தம் உறையாதிருக்கலாம். சிறுநீரகத்தைக் காக்கும் சிகிச்சையே துணை. மருத்துவர் மருந்தை நிறுத்துவது கைவிடுதல் அன்று.

ஆகவே கடித்த நேரத்தையும், கண்ட நிறத்தையும், நிகழும் மாற்றங்களையும் மலையாளத்தில் எடுத்துரைக்க வல்ல ஒருவர் உடன் செல்லட்டும். பாம்பைத் தேடிப் பிடித்துவர எவரும் பின்தங்க வேண்டா.