பட்ட மரத்தின் இரு குடிகள்

திருப்பூரை அடுத்த வீரபாண்டியில், பனியன் ஆலைகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் இடையே இன்னும் சில பனைகளும் வேம்புகளும் நிற்கின்றன. அவற்றுள் பட்டுப்போன மரத்தை நாம் விறகென்றே மதிக்கிறோம். அதனையே வீடென மதிக்கும் உயிர்கள் இரண்டைப் பற்றி மாணவ நேயர்களுக்குச் சொல்ல விழைகிறேன். ஒன்று பச்சைக்கிளி, மற்றொன்று கருவண்டு.

கருவண்டு என்று ஊரார் அழைப்பினும் அது வண்டன்று, தேனீ. தச்சுத்தேனீ என்பர் நூலோர். அடை கட்டும் தேனீக்களைப்போல் இதற்கு அரசியுமில்லை, ஏவலருமில்லை. தாய் ஒருத்தியே உலர்ந்த மரத்தையோ மூங்கிலையோ தாடைகளால் குடைந்து, விரல் நுழையும் அளவுக்கு வழி அமைக்கிறாள். மரத்தை அவள் தின்பதில்லை. மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து ஓர் உருண்டை. அதன்மேல் ஒரு முட்டை. பிறகு மரத்தூளால் ஒரு தடுப்பு. அப்பால் அடுத்த அறை. புழு வளர்ந்து முடியும்வரை வேண்டிய உணவு முழுவதும் முன்னரே அளந்து வைக்கப்படுகிறது. மூடிய அறைக்குள் மறுபடி ஒரு கவளமும் செல்வதில்லை.

கிளியோ பெரும்பாலும் மரங்கொத்தியோ குக்குறுவானோ விட்டுச்சென்ற பொந்தை அகலப்படுத்திக் குடிபுகுகிறது. மூன்று வாரத்திற்குச் சற்று மேற்பட்ட அடைகாப்பு. அதன்பின் ஏறத்தாழ 7 வாரம் ஊட்டல். உண்ட இரையைக் கக்கிக் குஞ்சின் வாயில் இடுவதற்குப் பெற்றோர் ஓயாமல் வந்து போகவேண்டும்.

உழவனின் கணக்கில் இவ்விரண்டும் எதிரெதிர் பக்கத்தில் நிற்கின்றன. சோளக்கதிரையும் சூரியகாந்தியையும் கிளி கொறிக்கும். தின்பதோடு சிந்துவதும் மிகுதி. கருவண்டோ கத்தரிக்கு உற்ற துணை. கத்தரிப்பூவின் மகரந்தம் நுனியில் சிறு துளை மட்டுமே உள்ள பைக்குள் அடைபட்டிருக்கிறது. அடைத்தேனீக்கு அதை உலுக்கும் வித்தை தெரியாது. கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு, சிறகை அசைக்காமலே, பறக்கும் தசைகளை மட்டும் அதிரச்செய்கிறது. சல்லடையைத் தட்டினால் மாவு உதிர்வதுபோல் மகரந்தம் கொட்டுகிறது. காற்றும் ஓரளவு உதவுமாயினும், இவ்வதிர்வு கிடைத்த பூக்கள் நன்றாகக் காய்க்கும். ஆவாரம்பூவிலும் இதே வித்தைதான்.

இருந்தும் நாம் கொஞ்சுவது கிளியை! கருவண்டின் துளையையோ அடைத்துவிடுகிறோம். முகத்தெதிரே வட்டமிட்டு மிரட்டுவது பெரும்பாலும் ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது. கொடுக்குள்ள பெண்ணும் கையால் பிடித்தாலன்றிக் கொட்டுவது அரிது. நம் கொஞ்சலால் கிளிக்குக் கிடைத்ததும் கூண்டுதான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் நாட்டுக் கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம்.

சட்டம் கிளிக்கு உண்டு, பொந்துக்கு? மனை பிரிக்கையில் கோடரி முதலில் விழுவது பட்ட மரத்தின்மேல்தான். கிளி பழஞ்சுவரின் ஓட்டையிலேனும் ஒதுங்கும். கருவண்டு ஓட்டுவீட்டுக் கைமரத்தை நாடும்; தகரக்கூரையிலும் இரும்புச் சட்டத்திலும் அதன் தாடை செல்லாது. ஒருமுனையில் கணு இருக்க அறுத்த காய்ந்த மூங்கில் துண்டுகளை, மழை படாத தாழ்வாரத்தில் கிடையாகக் கட்டிவைத்தால் அது குடிவருவதுண்டு. பள்ளித் தோட்டத்துக் கத்தரிப்பாத்திக்கு அருகே கட்டுங்கள். மூங்கிலின் கீழே தரையில் புதிய மரத்தூள் உதிர்ந்து கிடக்கிறதா என்று காலைதோறும் பாருங்கள்.