வற்றும் ஏரிகளும் வறண்ட குழாய்களும்: மும்பை தண்ணீர் நெருக்கடியின் வர்க்க முகம்

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கோடை முற்றியதும் மும்பை நாளேடுகளில் ஆண்டுதோறும் ஒரு சதவீதக் கணக்கு இடம்பெறத் தொடங்குகிறது. ஏரிகளில் எத்தனை சதவீதம் தண்ணீர் எஞ்சியிருக்கிறது என்பதே அது. 2024 ஜூன் மாதத்தில் அந்த அளவு சுமார் 5 சதவீதமாக வீழ்ந்தது. மே 30 முதல் 5 சதவீதமும், ஜூன் 5 முதல் 10 சதவீதமும் குடிநீர் விநியோகம் வெட்டப்பட்டது. மழை வலுத்து ஏரிகளின் நீர்மட்டம் உயர்ந்ததும் ஜூலை இறுதியில் வெட்டு விலக்கிக்கொள்ளப்பட்டது. அத்துடன் விவாதமும் முடிந்துபோனது. 2023 ஜூலையிலும் இதே நிலைதான். பருவமழை தாமதமானதே காரணம் என்கிறார்கள் ஆட்சியாளர்கள். பழியை வானத்தின் மீது போட்டுவிட்டால் மண்ணில் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

ஏழு ஏரிகளின் கணக்கு

மேல் வைதர்ணா, நடு வைதர்ணா, மோடக் சாகர், தான்சா, பாட்சா, விஹார், துளசி ஆகிய ஏழு நீர்த்தேக்கங்களே மும்பைக்குத் தண்ணீர் தருகின்றன. இவற்றின் மொத்தக் கொள்ளளவு 14.47 லட்சம் மில்லியன் லிட்டர். மாநகருக்கு நாள்தோறும் வழங்கப்படுவது சுமார் 3,900 மில்லியன் லிட்டர், அதாவது 390 கோடி லிட்டர். ஏழும் நிரம்பி வழிந்தாலும் ஓராண்டுத் தேவைக்குச் சற்று மேல்தான் நிற்கும். மழையோ நான்கே மாதம். எனவே பருவமழை ஓரிரு வாரங்கள் பிந்தினாலும் நெருக்கடி தோன்றும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நெருக்கடியின் சுமை யார் தோளில் ஏற்றப்படுகிறது என்பதை மழை தீர்மானிப்பதில்லை.

பத்து சதவீதம் எல்லோருக்கும் ஒன்றா?

அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குத் தலைக்கு 135 லிட்டர், குடிசைப் பகுதிகளுக்குத் தலைக்கு 45 லிட்டர் என்பதே மும்பை மாநகராட்சி நீண்டகாலம் பின்பற்றிய அளவுகோல். இதில் பத்து சதவீதம் வெட்டினால் முன்னவருக்கு 121 லிட்டருக்கு மேல் மிஞ்சும்; பின்னவருக்கு 40 லிட்டர் மிஞ்சும். ஒருவருக்குக் குறைவது வசதி; மற்றவருக்குக் குறைவது குளியலும் துணி துவைப்பதும்.

அந்த 40 லிட்டரும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. குறிப்பிட்ட சில மணி நேரமே குழாயில் நீர் வருகிறது. விநியோகம் குறைந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் குழாயின் கடைசி முனைக்கும் மேட்டுப் பகுதிக்கும் நீர் ஏறாது. நிலத்தடித் தொட்டியும் மோட்டாரும் டேங்கருக்குப் பணமும் உள்ளவர்கள் சமாளித்துக்கொள்கின்றனர். தாராவியிலும் கோவண்டியிலும் மான்குர்டிலும் பல குடும்பங்கள் ஒரே குழாயை நம்பி நிற்கின்றன. விடியுமுன் குடத்துடன் நிற்பவர்கள் பெண்களே. அதனால் கூலி இழப்பவர்களும் பள்ளிக்குப் பிந்திச் செல்லும் சிறுமிகளும் எந்த அரசுக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநகர மக்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் குடிசைப் பகுதிகளில் வாழ்கின்றனர். 2000ஆம் ஆண்டுக்குப் பின் குடியேறியவர்கள் ‘சட்டவிரோதமானவர்கள்’ என்று கூறிக் குடிநீர் இணைப்பே மறுக்கப்பட்டது. பானி ஹக் சமிதி தொடுத்த வழக்கில், தண்ணீர் பெறும் உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2014 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022இல் ‘அனைவருக்கும் தண்ணீர்’ கொள்கையையும் மாநகராட்சி அறிவித்தது. தீர்ப்பும் கொள்கையும் குழாயாக மாற வேண்டுமானால் வீதியில் போராட்டம் தேவைப்படுகிறது.

அணையின் நிழலில் தாகம்

இது நகரத்தின் கதை மட்டுமல்ல. 1860இல் விஹார், 1879இல் துளசி என்று நகரத்தின் ஏரிகளில் தொடங்கிய மும்பை, 1892இல் தான்சாவுக்குச் சென்றது. பின்னர் வைதர்ணாவுக்கும் பாட்சாவுக்கும் சென்றது. இன்று ஏறத்தாழ பாதித் தண்ணீரைப் பாட்சா தருகிறது. அந்த அணைகளின் அருகிலுள்ள ஷாஹாபூர், மோகாடா வட்டாரங்களின் ஆதிவாசி கிராமங்கள் கோடையில் டேங்கர் லாரியை எதிர்பார்த்து நிற்கின்றன. மண்ணையும் காட்டையும் இழந்தவர்களின் ஊரைக் கடந்தே ராட்சதக் குழாய்கள் மும்பைக்குச் செல்கின்றன.

இங்கேதான் இடதுசாரிகள் விழிப்புடன் இருக்க வேண்டும். “மும்பைக்கு மேலும் தண்ணீர் வேண்டும்” என்ற முழக்கம் நியாயமாகவே ஒலிக்கும். ஆனால் அதற்கு ஆட்சியாளர்கள் வைத்திருக்கும் பதில் மேலும் ஓர் அணை. பால்கர் மாவட்டத்தில் திட்டமிடப்பட்டுள்ள கார்காய் அணை நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் தரும் என்கின்றனர். அதற்காக ஆறு கிராமங்களும் தான்சா சரணாலயக் காடும் பலியாக வேண்டும். குடிசைவாசியின் தாகத்தைக் காட்டி ஆதிவாசியை வெளியேற்றும் சூழ்ச்சி இது.

அணையை எதிர்த்தால் நகர்ப்புறத் தொழிலாளிக்குத் துரோகமாகாதா என்ற கேள்வி எழலாம். கணக்கு பதில் சொல்கிறது. கசிவிலும் திருட்டிலும் கணக்கில் வராமல் போகும் நீர் மொத்த விநியோகத்தில் கால் பங்குக்கும் அதிகம். கால் பங்கு என்றே வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கோடி லிட்டர். கார்காய் தருவதைப் போல் இருமடங்கு! இதில் பாதியை மீட்டாலே புதிய அணைக்குத் தேவை எழாது. பயன்படுத்திய நீரில் பெரும்பகுதி கடலில் கலக்கிறது. அதைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கும் கட்டுமானத்துக்கும் பயன்படுத்தலாம்.

கசிவைத் தடுப்பதன் பெயரால் தனியார்மயம் நுழைவதையும் கவனிக்க வேண்டும். 2006-07இல் உலக வங்கி ஆதரவுடன் கே-கிழக்கு வார்டில் அந்த முயற்சி நடந்தது. மக்கள் எதிர்ப்பே அதைத் தடுத்தது.

கடமைகள்

வாழிடத்தின் சட்டநிலையைக் காரணம் காட்டாமல் ஒவ்வொரு வீட்டுக்கும் இணைப்பு; வெட்டு வந்தால் அதிகம் பெறுவோருக்கே முதல் வெட்டு; டேங்கர் வணிகத்தின் மீது பொதுக் கட்டுப்பாடு; பொதுத்துறையிலேயே குழாய்களின் புதுப்பிப்பு; அணைப் பகுதிக் கிராமங்களுக்கு முதல் உரிமை. இவையே கோரிக்கைகள். நகரக் கிளைகளும் தாணே, பால்கர் மாவட்டங்களின் விவசாயிகள் சங்கமும் இவற்றைச் சேர்ந்தே எழுப்ப வேண்டும்.

அதற்கான மரபு உண்டு. 1945இல் வார்லி ஆதிவாசிகள் செங்கொடியின் கீழ் எழுந்தது இதே பழைய தாணே மாவட்டத்தில்தான். 2018 மார்ச்சில் நாசிக்கிலிருந்து நடந்த விவசாயிகளின் நெடும்பயணம் ஷாஹாபூர் வழியாகவே மும்பையை அடைந்தது. கொப்புளம் வெடித்த பாதங்களுடன் வந்தவர்களுக்கு மும்பையின் சாமானிய மக்கள் சாலையோரம் நின்று குடிநீர் வழங்கினர். அந்தத் தண்ணீர் அந்த விவசாயிகளின் மலைகளிலிருந்து வந்தது. கொடுத்தவரும் பெற்றவரும் இதை உணர்ந்து ஒரே அணியில் நிற்கும்போதுதான் இந்தப் போராட்டம் வெல்லும்.