பாத்திரம் யாருடையது?

நான் மேற்கு மாம்பலத்தில் பணியாற்றுகிறேன்.

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு வெளிவந்தது. அதில் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, அது என்ன செய்யும் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதில் ஐயம் வந்தால் பகடை உருட்டுவார்கள்.

இதை ஏழாம் வகுப்பில் செய்து பார்த்தேன். துரைசாமி சுரங்கப்பாதையில் மழைநீர் நிற்கிறது என்று தொடங்கினேன். அதிகம் பேசாத ஒரு மாணவி, பூக்காரம்மாவாக இருந்தாள். "பூக்காரம்மா பயந்து அழுதார்" என்றேன்.

அவள் எழுந்தாள். "சார், அவங்க அழமாட்டாங்க. கூடையைத் தலையில வெச்சுக்கிட்டு வேற வழி கேப்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது. மழையை நான் சொல்லலாம். அழுவதா, நடப்பதா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். அன்று முதல், "இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். அடுத்தவர் பாத்திரத்துக்காகப் பேசக் கூடாது என்ற விதியை மாணவர்களே சேர்த்தார்கள்.

நாம் நடத்தும் வகுப்பறை நாடகங்களில் வசனம் முழுவதையும் நாமே எழுதித் தருகிறோம். அடுத்த முறை சில வரிகளை மாணவர்களுக்கு விட்டுவைப்போம்.