எட்டுக் கிலோ மிளகாய்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எழுபத்தைந்து வயதாகிவிட்டதால் என்னைவிடச் சிறியவர்கள்தான் இப்போதெல்லாம் எங்கு போனாலும் அதிகம்.

செயலாளர் எனக்கு முதலில் கொடுத்த தலைப்பு "ஓய்வு பெற்றோரும் முதலீடும்". பென்ஷன் வாங்கி மருந்துக் கடையில் கொடுப்பவனுக்கு முதலீட்டைப் பற்றி என்ன தெரியும்? "கடை வேலையைப் பற்றிப் பேசட்டுமா?" என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "கடையா? சரி, பேசுங்கோ" என்றார். அந்தச் சற்று யோசித்ததைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

என் பெண் வயிற்றுப் பேரன் பி.காம். முடித்துவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சேர்ந்திருக்கிறான். ஆபீஸில் இல்லை. தளத்தில். டிரெய்னி என்று பெயர். செய்வது சரக்கு இறக்குவது, அடுக்குவது, தேதி தாண்டியதைப் பொறுக்கி எடுப்பது, கூட்டம் அதிகமானால் பில் போடுவது. என் பெண் போனில் அழாத குறை. "அப்பா, நீங்களாவது அவனுக்குச் சொல்லுங்கோ. நாளைக்கு ஜாதகம் பரிவர்த்தனை பண்ணும்போது பையன் என்ன பண்றான்னு கேட்டா, அரிசி மூட்டை தூக்கறான்னா சொல்றது?" என்றாள். நான் சொல்கிறேன் என்றேன். ஆனால் அவனைக் கூப்பிட்டு அவள் எதிர்பார்த்ததைச் சொல்ல என்னால் முடியவில்லை. ஏனென்றால் அரிசி மூட்டை தூக்கிய ஒருவருக்கு நான் நாற்பது வருஷமாகக் கடன்பட்டவன்.

நான் பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் 1970இல் ரசாயனம் எடுத்து பி.எஸ்ஸி. தேறியவன். எழுதிய பரீட்சைக்கும் படித்த படிப்புக்கும் சம்பந்தமில்லாமல் அரசாங்கத்தில் கணக்குத் தணிக்கை வேலை கிடைத்தது. 1982இல் உடும்பஞ்சோலைக்கு மாற்றல். இடுக்கி ஜில்லா பிறந்தே அப்போது பத்து வருஷம்தான். தாலுகா ஆபீஸ் நெடுங்கண்டத்தில். போடிநாயக்கனூரிலிருந்து மலையேறி, போடிமெட்டு தாண்டி, பூப்பாறை வழியாகப் போக வேண்டும். வழியெல்லாம் ஏலத் தோட்டம். தோட்டத்தில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதி தேனிப் பக்கத்துத் தமிழர்கள். பேச்சு தமிழ், பதிவேடு மலையாளம், மேலதிகாரிக்கு எழுதும் கடிதம் இங்கிலீஷ். பாலக்காட்டு அக்ரஹாரத்தில் வளர்ந்த எனக்கு இந்த அவியல் பழக்கமானதுதான்.

அந்த மலையில் "ஸ்டோர்" என்றால் கடை இல்லை, தெரியுமோ? பறித்த ஏலக்காயைச் சூடேற்றி உலர்த்தும் கட்டடத்துக்குத்தான் அந்தப் பெயர். பச்சைக் காயில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் உள்ளே போனால் ஒரு கிலோ உலர்ந்த காய் வெளியே வரும். இது அங்கே கூலிக்காரர் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

தோட்டத் தொழிலாளர்களுக்கு மளிகை விற்ற ஒரு பண்டகசாலை என் தணிக்கையில் இருந்தது. எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம். அங்கே ஒருவர் பதினெட்டு வயதில் மூட்டை தூக்கச் சேர்ந்து, பிறகு பொட்டலம் கட்டி, பிறகு தராசுக்கு வந்தவர். எட்டாம் வகுப்பு வரை படித்த தமிழர். சரக்குப் பதிவேடு எழுத வேண்டுமே என்று தானாகவே மலையாளம் எழுதக் கற்றுக்கொண்டிருந்தார். கடைப் பொறுப்பாளர் ஓய்வு பெற்றபோது, கமிட்டி இவரைத் தாற்காலிகப் பொறுப்பில் வைத்தது. அது ஒரு நவம்பர் மாதம், நல்ல மழை. பொறுப்பு மாறும்போது இருப்பு முழுவதையும் எடை போட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். மற்றவற்றோடு ஆறு சாக்கு மிளகாய் வற்றல், மொத்தம் 240 கிலோ என்று கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரிக் கடைசியில் நான் தணிக்கைக்குப் போனேன். மலையில் அப்போது காற்று காய்ந்து உதடு வெடிக்கும். அரிசி, பருப்பு, உப்பு, கருவாடு எல்லாவற்றையும் எடை போட்டேன். கருவாட்டை மூக்கைப் பொத்திக்கொண்டு எடை போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடமை என்று வந்தால் ஆசாரம் பார்க்க முடியாது. பிரிக்காமல் கிடந்த அந்த ஆறு சாக்கு மிளகாயும் 232 கிலோதான் இருந்தது. எட்டுக் கிலோ குறைவு. நூற்றுக்கு ஒன்று சேதாரம் அந்தக் கடையில் அனுமதி. மீதிக்கு அவர் பதில் சொல்ல வேண்டும்.

அவர் பதில் சொன்னார். "சார், மிளகாய் மழைக்குத் தண்ணி குடிக்கும், வெயிலுக்குத் துப்பிடும்" என்றார். உள்ளே போய் ஒரு துணி முடிச்சையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுவந்தார். பொறுப்பு ஏற்ற அன்றே அதே மிளகாயில் சரியாக ஒரு கிலோவைத் துணியில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதை நிறுத்து எழுதியிருக்கிறார். பக்கத்திலேயே "மஞ்சு", "மழை", "வெயில்" என்று குறிப்பு. மஞ்சு என்றால் அங்கே மூடுபனி. ஆயிரம் கிராம் படிப்படியாக இறங்கி 970க்கும் சற்றுக் கீழே வந்திருந்தது.

நான் சொன்னது இன்னும் காதில் கேட்கிறது. "துணி மூட்டைக்கெல்லாம் ரிஜிஸ்டரில் காலம் கிடையாது."

குறைவு என்று எழுதினேன். பணம் அவர் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அதுகூடப் பெரிதில்லை. சரக்குக் குறைவு உள்ளவரிடம் கடையைக் கொடுக்க முடியாது என்று கமிட்டி அவரை மறுபடி தராசுக்கு அனுப்பிவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. துணி முடிச்சை மட்டும் எடுத்துப் போய் மறுபடி உத்தரத்தில் தொங்கவிட்டார்.

ஆகஸ்டில் மறுபடி போனேன். மலை முழுதும் மேகத்துக்குள் இருந்தது. கடைக்குள் வெல்லம் கசிந்து தரையில் ஓடியது. புதுப் பொறுப்பாளர் உற்சாகமாக இருந்தார். மல்லி, மிளகாய் இரண்டிலும் எடை கூடுதல்! நான் "உபரி" என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். தராசுக்குப் பின்னாலிருந்து நம்மவர் மெதுவாகக் கேட்டார்: "சார், கூடினா சந்தோஷமா எழுதறீங்க. குறைஞ்சா மட்டும் திருட்டா? ரெண்டும் ஒரே தண்ணிதானே?"

உபரியைக் கண்டு தணிக்கையாளன் சந்தோஷப்படவே கூடாது என்பதை இங்கே சொல்ல வேண்டும். எடையில் உபரி என்றால் ஒன்று ஈரம், இல்லாவிட்டால் வாங்க வந்தவனுக்கு அளவு குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். குறைவைவிட உபரிதான் பெரிய சந்தேகம். எனக்கு அது தெரிந்தும் தோன்றவில்லை.

அன்று ராத்திரி விடுதியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நவம்பரில் மிளகாயில் நூற்றுக்கு 13 பங்கு ஈரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 240 கிலோவில் ஈரம் போகச் சரக்கு 208.8 கிலோ. பிப்ரவரியில் ஈரம் 10 பங்காக இறங்கினால் அதே 208.8 என்பது நூற்றில் தொண்ணூறு. மொத்தம் 232. எட்டுக் கிலோ வித்தியாசம் கனகச்சிதமாக வருகிறது. மிளகாய் ஒன்றுகூடக் குறையவில்லை. ஈரப்பதத்தை உறிஞ்சும் பொருள்களைப் பற்றிப் பரீட்சையில் நாலு பக்கம் எழுதி மார்க் வாங்கியவன் நான். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரியைத் தனியாக வைப்பதை நாங்கள் லேபில் "கன்ட்ரோல்" என்போம். எட்டாம் வகுப்புக்காரர் அதை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், பி.எஸ்ஸி.க்காரன் அதற்குக் காலம் கேட்டிருக்கிறான்.

என் அறிக்கையை நானே திருத்தி எழுதினேன். பிடித்த பணம் திரும்பக் கிடைத்தது. பொறுப்பு திரும்பி வர இன்னும் ஒன்றரை வருஷம் ஆயிற்று. அந்த ஒன்றரை வருஷத்தை எந்தப் பதிவேட்டிலும் நான் திருப்பி எழுத முடியவில்லை.

பொறுப்புக்கு வந்த பிறகு அவர் பட்ட பாடு வேறு மாதிரி. தராசில் கெட்டிக்காரர் ஆனதால் தராசை விட மனசு வரவில்லை. நேற்று வரை கூட வேலை பார்த்தவர்களுக்கு உத்தரவு போடவும் கூச்சம். சம்பள நாளன்று வரிசை கடைக்கு வெளியே நிற்கும். இவர் உள்ளே தானே நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். பணப்பெட்டிப் பக்கம் ஆள் இருக்காது. நாலைந்து மாதம் இப்படித் தத்தளித்தார். பிறகு ஒரு பையனைத் தராசுக்குப் பழக்கினார். பழக்கிய விதம் எனக்குப் பிடித்தது: அந்தத் துணி முடிச்சை அவனிடம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை எடையை இனி நீ எழுது என்றார். தான் வாசல் பக்கம் வந்து நின்றார். எந்தத் தோட்டத்தில் எந்தத் தேதியில் கூலி, எந்த வாரம் எண்ணெய் அதிகம் போகும், எந்த வாரம் ஜனங்கள் திருவிழாவுக்கு ஊருக்கு இறங்கிவிடுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதன்படிதான் கொள்முதல். மழைக்காலத்துக்கு முன்பே பலகை அடித்து உப்பையும் வெல்லத்தையும் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார். பழைய மூட்டை தீராமல் புது மூட்டை பிரிக்கக் கூடாது. சொல்வதற்கு எளிது, பழைய மூட்டை எப்போதும் அடியில்தான் இருக்கும்! பின்னாளில் அதைவிடப் பெரிய கிளைக்கு அவரையே மானேஜராகப் போட்டார்கள்.

இதெல்லாம் நம்மவர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். மகாகனம் வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் ஹெட்மாஸ்டராக இருந்த காலத்தில், 1904இல், திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்குவதில் முன்னின்றார். டி.யு.சி.எஸ். என்றால் சென்னைவாசிகளுக்குப் புரியும். அரிசியும் பருப்பும் நியாய விலைக்கு விற்பது அவருக்குக் கௌரவக் குறைவாகத் தோன்றவில்லை.

கேரளத்தில் 1974இல் சிவில் சப்ளைஸ் கார்ப்பரேஷன் வந்தது, சப்ளைகோ என்பார்கள். 1980 முதல் மாவேலி ஸ்டோர்கள். அங்கே அசிஸ்டென்ட் சேல்ஸ்மேன் வேலைக்குப் பத்தாம் வகுப்புத் தகுதி போதும்; ஆள் எடுப்பது பப்ளிக் சர்வீஸ் கமிஷன். பட்டதாரிகளும் போட்டி போட்டு எழுதுகிறார்கள். அரசாங்க முத்திரை இருந்தால் அதே தராசு நமக்கு உத்தியோகம் ஆகிவிடுகிறது, பார்த்தீர்களா? தனியாரிடம் என்றால் "அரிசி மூட்டை".

கன்யாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரத்தில் 1950இல் பிறந்த எச். வசந்தகுமார் வி.ஜி.பி.யில் சேல்ஸ்மேனாக இருந்தவர். 1978இல் வசந்த் அண்ட் கோ தொடங்கினார். 2019இல் பார்லிமென்ட் உறுப்பினர் ஆனார். 2020இல் கொரோனாவில் காலமானார். அமெரிக்காவில் வால்மார்ட்டின் டக் மெக்மில்லன் 1984இல் கிடங்கில் லாரிச் சரக்கு இறக்கும் வேலையில் தொடங்கி, 2014இல் அந்தக் கம்பெனிக்கே தலைவரானார். ஆனால் இம்மாதிரிப் பெயர்களைச் சொல்லி இளைஞர்களை மயக்க எனக்கு விருப்பமில்லை. லட்சம் பேரில் ஒருவர் கதை அது. மற்றவர்களுக்குக் கால் வீங்குவதுதான் நிஜம். கடையில் வேலை செய்பவர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் செய்யக் கேரளத்துக்கு 2018 ஆயிற்று, தமிழ்நாட்டுக்கு 2021. உடும்பஞ்சோலைக்காரர் தன் காலம் முழுதும் நின்றே தீர்த்தவர். இன்னொன்று, இப்போது பல கடைகளில் மானேஜர் நாற்காலிக்கு வெளியிலிருந்து எம்.பி.ஏ. வந்து உட்கார்ந்துவிடுகிறார், தளத்திலிருப்பவன் பத்து வருஷமானாலும் தளத்திலேயே. என் பேரனிடம் இதை மறைக்கவில்லை. "அந்தக் கடையில் இப்போதிருக்கும் மானேஜர் எங்கிருந்து வந்தவர் என்று முதலில் விசாரி" என்றேன். விசாரித்தான். பில் கவுன்டரில் சேர்ந்த ஒரு பெண்மணி, ஒன்பது வருஷத்தில் மேலே வந்தவராம். "சரி, அப்படியானால் இரு" என்றேன்.

என் பெண்ணிடம் இன்னும் முழுச் சமாதானம் ஆகவில்லை. இந்த மிளகாய்க் கதையை அவளுக்கும் சொன்னேன். "அதெல்லாம் சரிப்பா, ஜாதகத்தில் என்னன்னு எழுதறது?" என்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சபையில் யாருக்காவது தோன்றினால் கூட்டம் முடிந்ததும் சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பேரன் கூப்பிட்டான். காய்கறிப் பிரிவில் மாதாந்திர எடை குறைந்திருக்கிறது. மேலே இருப்பவர் அங்கே நிற்கும் பெண்ணைச் சந்தேகப்படுகிறார். கொத்தமல்லிக் கட்டும் கீரையும் ஏ.சி.யில் ராத்திரி முழுக்க வாடுகின்றன என்பது அவன் அபிப்பிராயம். "தாத்தா, அந்தத் துணி முடிச்சு மாதிரி ஒண்ணு வைக்கலாமா? கீரையை எப்படித் தொங்கவிடறது?" என்றான். தட்டில் வைத்து, சாயங்காலம் ஒரு தரம், கடை திறக்கும்போது ஒரு தரம் நிறுக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் நாள் எடை நேற்று வந்தது. ஒரு கிலோ கீரை காலையில் 940 கிராம்.