வடக்கே புறப்படும் விருந்தாளிகள்

நம் நாட்டில் வெயிலும் மழையும்தான். வசந்தம் என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. ஆனாலும் வடக்கே வசந்தம் பிறப்பதை இங்கிருந்தே கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. மார்ச் அல்லது ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளோடு கோல சிலாங்கூர் பக்கம் போய் வாருங்கள்.

காலையில் முதலில் தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களைப் பாருங்கள். உழவு நடக்கும் இடத்தில் டிராக்டருக்குப் பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் நடந்து வரும். மண்ணைப் புரட்டும்போது வெளிவரும் பூச்சிக்காகத்தான் அந்த மரியாதை! வெள்ளைக் கொக்குதானே என்று விட்டுவிடாதீர்கள். இந்த மாதங்களில் சிலவற்றின் தலையும் கழுத்தும் செம்மஞ்சளாக மாறியிருக்கும். இனப்பெருக்கக் காலத்துக்கான கோலம் அது. வரப்போரத்தில் ஓடி ஓடி நிற்கும் உப்புக்கொத்தியும் அப்படித்தான். பொன்னும் பழுப்புமாய்ப் புள்ளி போட்டிருந்த பறவைக்கு முகமும் வயிறும் கறுத்துவரும். சைபீரியாவின் மரமில்லாத குளிர்நிலத்தில் கூடு கட்டப் போகிற பறவை அது.

அடுத்தது கடற்கரைச் சேறு. இதற்குக் கடிகாரத்தைவிடக் கடல்தான் முக்கியம். நீர் வற்றியிருந்தால் பறவைகள் வெகுதூரத்தில் புள்ளிகளாகத்தான் தெரியும். நீர் ஏற ஏற அவை கரையை நெருங்கும். ஆகவே, கடல் முழுவதும் ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுவது நல்லது. சிவந்த காலுடையது பவளக்காலி. வளைந்த நீண்ட அலகால் நண்டைத் தேடுவது கோட்டான் இனம். மலாய்க்காரர்கள் 'பூரோங் போத்தாக்' என்னும் வழுக்கைத்தலைப் பெருநாரையும் அங்கே நிற்கலாம். அது மட்டும் விருந்தாளி அல்ல, உள்ளூர்க்காரர். மெலாவாத்திக் குன்றின் அடிவாரத்தில் 1987 ஆம் ஆண்டில் தொடங்கிய இயற்கைப் பூங்கா இருக்கிறது. கொசு அதிகம், நீளக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பறவைகள் சேற்றில் சும்மா உலாவவில்லை. புழுவும் நண்டும் தின்று கொழுப்புச் சேர்க்கின்றன. நெடும் பயணத்துக்கு முன் தன் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும் இனங்களும் உண்டு. வழியில் எரியப்போவது அந்தக் கொழுப்புத்தான். நீர் வற்றியிருக்கும் சில மணி நேரமே அவற்றுக்குச் சாப்பாட்டு நேரம். வேடிக்கைக்காக ஒரு பையன் கல்லெறிந்தால் கூட்டம் முழுவதும் எழும்பும். தின்ற தீனியில் ஒரு பங்கு வீணாகப் போகும். பாதுகாக்கப்பட்ட பறவைகளை அனுமதியின்றி வலை கட்டிப் பிடிப்பதோ, 2010 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தூரக்கண்ணாடி இல்லையே என்று தயங்க வேண்டாம். வயல் பறவைகளைப் பார்க்கக் கண்ணே போதும். பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, இடம், பறவையின் நிறம் மூன்றையும் எழுதிவரட்டும். மே மாதத்துக்குள் பெரும்பாலானவை போய்விடும். ஆகஸ்டு, செப்டம்பரில் திரும்பி வரும்போது, எந்த நிறத்தில் வருகின்றன என்று அதே புத்தகத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.